இடது மேல் பாக்கெட்

கயல்,

வெள்ளிக்கிழமைக்கு முன் நீ இதைப் படித்துவிட வேண்டும். அன்று மாலைக்குள் நீ உன் ஆகாயப்படைத் தளத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அமெரிக்காவில் ஒரு பாலைவனத்தின் ஓரமாக இருக்கும் பயிற்சித் தளத்துக்கு, போர் விமானத்தில் ஆயுதம் ஏற்றும் குழு ஒன்றின் தலைவியாக, இரண்டு ஆண்டுகள் போகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். போகவில்லை என்று நீ எழுதி வைத்திருக்கிறாய். நேற்று மடிக்கணினியை மூடாமல் குளிக்கப் போனாய், நான் பார்த்துவிட்டேன். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பு. ஆனால் எழுத்து என்று எதைக் கண்டாலும் என் கண் நின்றுவிடும், பிஸ்கட் பொட்டலமாக இருந்தாலும் சரி. மூன்று வரிதான் எழுதியிருந்தாய். இரண்டாவது வரியில், அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை காரணமாக என்று இருந்தது.

அந்த வரி பொய். நீ தெரியாமல் எழுதிய என் பொய். முழங்காலைக் காட்டப் போன அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் இருந்த இளம் டாக்டர் அறுவை சிகிச்சை என்ற சொல்லையே எடுக்கவில்லை. "தேய்மானம் கொஞ்சம் இருக்கு ஆன்ட்டி, பயிற்சி செய்யுங்க, ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்று சொல்லி, படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். அந்தத் தாளை இரண்டு முறை படித்து, முக்கியமான இடங்களில் அடிக்கோடு போட்டு, என் பையில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து ரசம் வைத்துக்கொண்டிருந்தபோது நீ பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றாய். "அம்மா, எனக்கு போஸ்டிங் வந்துருக்கு லா! ரெண்டு வருஷம்! குழு என்னோடது!" என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் ரசத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க கயல்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. ஏற்கெனவே வாயில் இருந்தது போல வந்தது. நீ தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாய். "எப்பம்மா?" என்று கேட்டாய். "தேதி சொல்லல" என்றேன். பூட்ஸை ஓரமாக வைத்துவிட்டு, "சரிம்மா, நான் இருக்கேன்" என்றாய். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது. தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சியும் வெண்டைக்காயும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பேருந்து அப்போதே நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் இரண்டு கையிலும் பைகளோடு தண்ணீரைத் தாண்டி ஓடி, ஏறி, வழக்கம் போல மேல்தளத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மூச்சு வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "என்ன மிஸ், உன் முட்டிக்கு இன்னிக்கு லீவா?" என்றார். நான் பைகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்: "முப்பது வருஷமா பஸ் ஓட்டுறேன். யாருக்கு நெசமா முட்டி வலி, யாரு சீட்டுக்காக நொண்டுறாங்கன்னு முதல் படியிலேயே சொல்லிருவேன். பிள்ளைக்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" "நானே சொல்றேன்" என்றேன். "வாயால சொல்ல மாட்ட. எழுது. அதுதான் உனக்கு வரும்." நம் சுவா சூ காங் நிறுத்தம் வந்தது. இறங்கும்போது, "ஏன் இப்படிச் சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டார். மகளைப் பிரிய முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். எல்லா அம்மாவும் அப்படித்தான் என்று விட்டிருப்பார். ஆனால் அது உண்மை இல்லை. எனக்கு உன்மேல் பொறாமை, கயல். பதினொரு வருஷமாக.

என் பள்ளிக்கூடக் கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்தில் தொடங்கி அட்டை வரை படிக்கிற பெண்ணாக இருந்தேன் என்று உன் அப்பா கேலி செய்வார். அது சரி. ஒரு நாள் பள்ளி மண்டபத்தில் ஆகாயப்படையிலிருந்து வந்து பேசினார்கள். கேள்வி நேரத்தில் கையைத் தூக்கியது நான் ஒருத்திதான். ஐந்து கேள்வி கேட்டேன். ஐந்தாவது கேள்விக்குப் பின்வரிசையில் சிரித்தார்கள். அவர்கள் கொடுத்த கையேட்டில் ஒரு படம் இருந்தது. விமானத்தின் இறக்கைக்கு அடியில் ஒரு பெண் நிற்கிறாள். கையை உயர்த்தி, ஒரு கொத்துச் சிவப்புத் துணிப் பட்டைகளை மேலே உட்கார்ந்திருக்கும் விமானிக்குக் காட்டுகிறாள். அது என்னவென்று தெரியாமல் நூலகத்துக்குப் போய்த் தேடினேன். விமானம் தரையில் நிற்கும்போது அதில் தொங்கும் ஆயுதங்கள் தவறிக்கூட இயங்கிவிடாதபடி எஃகுப் பின்களைச் செருகி வைப்பார்கள், ஒவ்வொரு பின்னிலும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு சிவப்புப் பட்டை தொங்கும், பறக்கும் முன் ஒருவர் அவற்றைப் பிடுங்கி, எண்ணி, விமானிக்குக் காட்ட வேண்டும் என்று படித்தேன். அந்தக் காட்சி எனக்குள் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவு பெரிய இயந்திரம், கடைசியில் ஒருத்தி கையை உயர்த்திக் காட்டினால்தான் நகரும்.

விண்ணப்பம் போட்டேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். நேர்காணலில் ஒருவர், "கனமானதைத் தூக்குவாயா?" என்று கேட்டதற்கு, நெம்புகோல் எப்படி வேலை செய்கிறது என்று படம் வரைந்து காட்டினேன். இடம் கிடைத்தது. ஆயுதப் பிரிவில் பயிற்சி. உனக்குத் தெரியாத பாதி இதுதான். வயது போதாததால் பெற்றோர் கையெழுத்து வேண்டியிருந்தது. உன் தாத்தா அப்போது பஃபலோ ரோட்டில் ஒரு மசாலாக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. தாளை முழுக்கப் படித்தார். என்னைப் போலவே மெதுவாகப் படிப்பார். பேனாவின் மூடியைக் கழற்றினார். திரும்ப மூடினார். "குண்டு ஏத்துற வேலைம்மா இது. பொம்பளப் பிள்ளைக்கு வேணாம்" என்றார். அடுத்த வாரம் எனக்கு ஒரு பெரிய அகராதி வாங்கிக்கொண்டு வந்தார். நான் நன்றி சொன்னேன். கையேட்டிலிருந்த அந்தப் படத்தை வெட்டி அந்த அகராதிக்குள் வைத்தேன். அப்புறம் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முப்பத்தெட்டு வருஷமாக மற்றவர்கள் கொண்டுவந்து போடும் புத்தகங்களை அடுக்குகிறேன். அந்த வேலையைக் குறை சொல்லவில்லை, எனக்குப் பிடித்த வேலைதான். ஆனால் சுவா சூ காங்கில் நம் மாடிக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் கையில் இருப்பதை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போகிறேனே, அது வேடிக்கை பார்க்க இல்லை.

நீ பதினெட்டு வயதில் அதே பிரிவின் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது நான் உடனே கையெழுத்துப் போட்டேன். தனக்குக் கிடைக்காததை மகளுக்குக் கொடுத்தாள் என்று உன் சித்தி எல்லோரிடமும் சொன்னாள். நீயும் அதை நம்பி, உன் பயிற்சி நிறைவு நாளில் எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்தாய். கையெழுத்துப் போடும்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவளுக்கு இது எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிடுவாள் என்றும் நினைத்தேன். விரும்பினேன் என்று எழுதுவதுதான் சரி.

நீ வரவில்லை. உன் முன்கையில் தழும்புகள் வந்தன. உன் விரல் இடுக்கில் எந்தச் சோப்புக்கும் போகாத ஒரு கறுப்பு வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் ஏற்றுவண்டி, கொக்கி, சுற்றுச் சோதனை என்று பேசினாய். நான் நூலகத்தில் தேடிப் படித்து வைத்துக்கொண்டு, அதில் ஏதாவது சொன்னால், "அம்மா, அது பழைய மாடல் லா" என்று சிரிப்பாய். நீ கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் பள்ளி மண்டபத்தின் பின்வரிசைச் சிரிப்பு கேட்கும் எனக்கு. உன் மூத்த அதிகாரியை நீங்கள் எல்லோரும் மலாயில் ஐயா என்பது போல என்சிக் என்றுதான் கூப்பிடுவீர்கள். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், நம்மைப் போலவே இங்கே மூன்று தலைமுறை. "என்சிக் சொன்னார், என்சிக் சொன்னார்" என்று நீ ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்வாய். நான் உனக்குச் சொன்ன எதையாவது அங்கே போய், "அம்மா சொன்னாங்க" என்று ஒரு முறையாவது சொல்லியிருப்பாயா என்று எண்ணிப் பார்ப்பேன். ஒருநாள் அப்பா சாப்பாட்டு மேசையில் உன்னிடம் கேட்டார், "நீ ஏத்திவிடுறது போய் விழுந்தா யாரும்மா சாவாங்க?" என்று. நீ சோற்றைப் பிசைவதை நிறுத்தினாய். "அது எனக்குத் தெரியலப்பா. நான் பின்னை எண்ணுறது இங்க யாரும் சாகாம இருக்க. அது மட்டும் தெரியும்" என்றாய். அப்பா தலையாட்டினார். எனக்கு அப்போதும் பொறாமைதான் வந்தது. அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாருமே கேட்டதில்லை.

இனி அந்தப் பின்னுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் எழுதக் கடினமான பகுதி இதுதான், அதனால் சுருக்காமல் எழுதுகிறேன். நீ வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருஷம், நோன்பு மாதம். காலை வேலை முடித்து மதியம் வீட்டுக்கு வந்தாய், உடை மாற்றினாய், தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க சிராங்கூன் ரோட்டுக்குப் போனாய். நான் உன் சீருடையைத் துணி இயந்திரத்தில் போடுவதற்கு முன் பாக்கெட்டுகளைத் துழாவினேன். இடது மேல் பாக்கெட்டில் கனமாக ஏதோ இருந்தது. எடுத்தேன். என் விரல் நீளத்துக்கு ஒரு எஃகுப் பின். அதன் வளையத்தில் கிழிந்துபோன சிவப்புப் பட்டையின் ஒரு துண்டு.

நான் அதைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். படத்தில் மட்டும் பார்த்திருந்தது கையில் இருந்தது. அது எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது என்று இன்றும் என் உள்ளங்கைக்குத் தெரியும். கூடத்து ஜன்னலுக்குப் போனேன். யாரும் பார்க்கவில்லை. கையை உயர்த்தி, அந்த ஒற்றைப் பின்னை, கீழே கார் நிறுத்துமிடத்துக்குக் காட்டினேன். ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், ஈரக் கையோடு. அப்போதுதான் தொலைபேசி அடித்தது. நீ. பின்னால் சிராங்கூன் ரோட்டு வண்டிச் சத்தம். "அம்மா, என் யூனிஃபார்ம் பாக்கெட்டுல ஏதாச்சும் இருக்கா? பின் மாதிரி? சீக்கிரம் பாருங்கம்மா, ப்ளீஸ்." உன் குரல் நடுங்கியது. நான் பின்னைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "இல்லையே."

ஏன் சொன்னேன் என்று எட்டு வருஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் அது என்னிடம் இருக்கட்டும் என்பதுதான் முதல் காரணம். அதை மட்டும் எழுதி நிறுத்தினால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். இரண்டாவது காரணம், உன் குரல் நடுங்கியது எனக்குப் பிடித்திருந்தது. எல்லாம் தெரிந்தவள், எதையும் ஒழுங்காகச் செய்பவள், ஒரு நாளாவது தவறு செய்தாளே என்று இருந்தது. அது ஒரு நொடிதான். ஆனால் அந்த நொடியில்தான் என் வாய் திறந்தது.

நீ அப்புறம் எனக்கு விளக்கினாய். பின்னின் பட்டை கிழிந்திருந்ததால் புதுப் பட்டை கட்டலாம் என்று அதைத் தனியாக எடுத்துப் பாக்கெட்டில் போட்டிருந்தாய். வேலை முடியும்போது எண்ணிக்கை. பின் வைக்கும் பையிலிருக்கும் ஒவ்வொன்றையும் ஒருவர் தொட்டு உரக்கச் சொல்ல வேண்டும், இன்னொருவர் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பையில் ஐந்துதான் இருந்தது. ஆறாவது உன்னிடம் இருப்பது உனக்குத் தெரியும், அதனால் ஆறு என்று சொல்லிவிட்டாய். எதிரே நின்ற பையனுக்கு உன்மேல் நம்பிக்கை, அவனும் ஆறு என்று கையெழுத்துப் போட்டான். பாக்கெட்டில் இருந்ததை மறந்து நீ வீட்டுக்கு வந்துவிட்டாய். மாலைக் குழு எண்ணியபோது ஐந்து. ஒரு பின் காணவில்லை என்றால் அது ஓடுபாதையில் கிடக்கலாம், இயந்திரத்துக்குள் போயிருக்கலாம். நான்கு விமானங்களை நிறுத்திவிட்டார்கள். "நான் எண்ணலம்மா. தெரிஞ்சதச் சொல்லிட்டேன். தொட்டதத்தான் சொல்லணும்" என்று அன்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய்.

நான் இல்லை என்று சொன்னதால் என்ன ஆயிற்று என்பதையும் நீயே எனக்குச் சொன்னாய், எனக்குச் சொல்கிறோம் என்று தெரியாமல். வீட்டில் இல்லை என்றதும் நீ டாக்ஸி பிடித்துத் தளத்துக்கு ஓடினாய். பதினைந்து பேர் வெயிலில் வரிசையாக முட்டிபோட்டுத் தரையைத் தடவினார்கள். தரையில் இல்லை என்பதால் விமானத்தின் மூடிகளைக் கழற்றத் தொடங்கினார்கள். நான் அந்தப் பின்னைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிஷம். சுவர்க் கடிகாரம் எதிரேதான் இருந்தது. அப்புறம் உன்னைக் கூப்பிட்டு, "கிடைச்சிருச்சு கயல், துணி மெஷினுக்குள்ள கிடந்துச்சு" என்றேன். இரண்டாவது பொய் முதலாவதை விடச் சுலபமாக வந்தது. நானே கொண்டுவருகிறேன் என்று டாக்ஸியில் வந்தேன். அது என் கையில் இருக்கப்போகும் கடைசி நேரம் என்பதால் வழி முழுக்க மூடிய கையைத் திறக்கவில்லை.

தளத்தின் வாசலில் நீயும் என்சிக்கும் நின்றிருந்தீர்கள். கடைக்குப் போட்டுக்கொண்டு போன உன் உடை முழங்கால் இரண்டிலும் கறுத்திருந்தது. அவர் சீருடையும் அப்படித்தான். அவர் உதடு வெடித்திருந்தது, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காதவர். நான் பின்னைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, தன் பையிலிருந்த ஐந்தையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நீ ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாய். ஆறு. "ஆறு, என்சிக்." அந்தச் சமயம் யாருடைய தொலைபேசியிலோ நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்கு ஒலித்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்துப் பிரித்தார். மூன்று பேரீச்சம்பழம். ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டார், ஒன்றை உனக்குக் கொடுத்தார், ஒன்றை என்னிடம் நீட்டினார். "எடுத்துக்குங்க அக்கா. நல்ல வேளை நீங்க தேடிப் பார்த்தீங்க. இல்லாட்டி இன்னிக்கு ஒருத்தரும் வீட்டுக்குப் போயிருக்க முடியாது." நான் அதை வாங்கித் தின்றேன். கொட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டேன், எங்கே போடுவது என்று தெரியவில்லை. நீ, "தேங்க்ஸ்மா" என்றாய்.

மூன்று மாதம் உன் கையெழுத்து செல்லாது என்றார்கள். உன் தவறை நீயே எழுதிக் கொடுத்தாய், ஒரு வரிகூடக் குறைக்காமல். அதை எனக்குப் படித்தும் காட்டினாய். அதில், என் தாயார் முதலில் தேடியபோது கிடைக்கவில்லை என்று ஒரு வரி இருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தேன்.

என்னிடம் இல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது என்றால் அது இதுதான்: நான் எழுதி ஒப்புக்கொள்ள எட்டு வருஷம் எடுத்துக்கொண்டேன், நீ ஒரு மாலையில் செய்தாய். அதிலும் எனக்குப் பொறாமை. இப்படி எழுதினால் நீ என்னைத் தேற்ற வருவாய், தெரியும். வேண்டாம். நீ கோபப்படு. அந்தப் பதினைந்து பேரின் முழங்காலுக்காகக் கோபப்படு. என்சிக்கிடம் நானே போய்ச் சொல்கிறேன். அவர் ஓய்வு பெற்று தேக்காவில் மருமகன் கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்று நீதானே சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அவர் என்னை அக்கா என்று கூப்பிடாமல் போனாலும் பரவாயில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். தப்பு செய்தவளுக்கு அந்த இடத்தில் தரை எப்படி வழுக்கும் என்று தெரியும், அவ்வளவுதான். உனக்குக் கீழே வேலை செய்ய வரும் பிள்ளைகளில் ஒருத்தி உன்னை விடக் கெட்டிக்காரியாக இருப்பாள். உன் நெஞ்சில் ஏதோ சுருக்கென்னும். அதற்கு அக்கறை என்றோ கண்டிப்பு என்றோ பெயர் வைத்துவிடாதே. நான் அதற்கு முழங்கால் என்று பெயர் வைத்தேன். பொறாமை என்று உனக்குள்ளாவது சொல்லிக்கொள், அப்போது அது வாய் திறந்து உனக்குப் பதிலாகப் பேசாது. யாராவது ஆசையோடு வந்து ஒரு செய்தி சொன்னால், முதலில் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல், ரசத்தைப் பார்த்துச் சொல்லாதே. உன் தாத்தாவை நினைத்து வருந்தாதே. அவர் வேண்டாம் என்பதை நேராகச் சொன்னார். நான் அதைக்கூடச் செய்யவில்லை. கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பதினொரு வருஷம் கழித்து அதைத் திரும்ப வாங்கப் பார்த்தேன்.

நீ போக வேண்டிய அந்தப் பாலைவன ஊரைப் பற்றி நான் ஏற்கெனவே மூன்று புத்தகம் எடுத்துப் படித்துவிட்டேன். நீ சொன்ன அன்றைக்கு மறுநாளே எடுத்தேன், உன்னைப் போகவிடாமல் செய்துவிட்டு. பகலில் கொதிக்கும், இரவில் நடுங்கும், காற்றில் மணல் வந்தால் எதிரே இருப்பது தெரியாது. உதட்டுக்கு ஏதாவது தடவிக்கொள், பூட்ஸைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டு, தேள் இருக்கும். ஊறுகாய் எடுத்துப்போக விடுவார்களா என்று கேட்டு வை. அங்கிருந்து என்னோடு பேசும்போது பழைய மாடல் என்று சிரிக்காமல், புது மாடல் என்னவென்று சொல்லிக்கொடு. சொல்லக் கூடியதை மட்டும். எனக்குப் பொறாமை போய்விடாது. போய்விட்டது என்று எழுதினால் நான் மறுபடி எண்ணாமல் ஆறு என்று சொல்கிறேன் என்று அர்த்தம். அது இருக்கும். நீ அதைச் சுமக்க வேண்டியதில்லை. அதனால் நீ இங்கே நிற்க வேண்டியதும் இல்லை.

அந்த மூன்று வரியை அழித்துவிடு. முழங்கால் பயிற்சித் தாளை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன், டாக்டர் எழுதியதை நீயே படித்துக்கொள். அகராதிக்குள் இருந்த படத்தையும் வைத்திருக்கிறேன். ஓரம் மஞ்சளாகிவிட்டது. அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக அது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எடுத்துக்கொள்.

பின் காணாமல் போன அந்த மாலையிலிருந்து நீ ஒரு பழக்கம் வைத்திருக்கிறாய். விடிந்ததும் வேலைக்குப் புறப்படும் முன் கதவருகே நின்று ஒவ்வொரு பாக்கெட்டையும் தொட்டுச் சொல்வாய். "இடது மேல், காலி. வலது மேல், காலி." அப்பா தூக்கக் கலக்கத்தில், "எல்லாம் காலிதான், என் பர்ஸ் மாதிரி" என்று உள்ளேயிருந்து சொல்வார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பேன். எண்ணிக்கைக்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தும், நீ தனியாகத்தான் சொல்கிறாய் என்று தெரிந்தும், எட்டு வருஷமாக வாய் திறந்ததில்லை.

உன் சீருடையை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அதன் இடது மேல் பாக்கெட்டில் வைக்கிறேன். நாளை காலை நீ அதைத் தொடுவாய், காலி என்று சொல்ல வாயெடுத்து நிறுத்துவாய். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "அம்மா, பாக்கெட்டுல ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்பாய்.

நான் கதவருகே வந்து, உன் முகத்தைப் பார்த்து, "இருக்கு" என்று சொல்வேன்.